துண்டு வெட்டாத ஐயா

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் போவது சுலபம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. இருமிக்கொண்டு போனவள் ஒன்பதாம் நாள்தான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவாள். இருமல் என்றைக்கு நின்றது என்பது அதற்குள் அவளுக்கே மறந்துபோயிருக்கும். எல்லாம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட எங்கள் மருந்தையாவால் வந்தது. அவர் லேசில் யாருக்கும் துண்டு வெட்டமாட்டார். துண்டு வெட்டுவது என்றால், இவருக்குச் சுகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று கட்டில் தலைமாட்டில் தொங்கும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த ஒரு வரியை எழுத மட்டும் அவருடைய பேனாவுக்கு மனம் வராது.

நான் அவரிடம் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கட்டில் விரிப்பது, சுடுதண்ணீர் வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் நான்தான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நான் போட்ட கட்டு தானாக அவிழ்ந்தது என்று நமுனுகுல மலையைச் சுற்றி ஏதாவது ஒரு லயத்தில் ஒருத்தி சொல்லட்டும், பார்ப்போம்.

ஐயா யாழ்ப்பாணத்து ஆள். ஒல்லியான உடம்பு. கழுத்தில் எப்போதும் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய் தொங்கும். எதைப் பார்த்தாலும் முதலில் நாடி பிடிப்பார். மனிதருக்குப் பிடிப்பது சரி. நின்றுபோன ரேடியோவின் வயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "ம்... இருக்கு, இருக்கு" என்பார். காய்க்காத கொய்யா மரத்தையும் அப்படிப் பிடித்துப் பார்த்ததை நானே கண்டேன்.

ஒரு தடவை என் கோழி நொண்டியது. சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். உடனே வாங்கி, ஆஸ்பத்திரிப் பின்பக்கம் ஒரு பெட்டியில் வைத்து, தலைமாட்டில் சீட்டும் தொங்கவிட்டார். மூன்றாம் நாளே கோழி ஓடித் திரிந்தது. பதினொரு நாளாகியும் கொடுக்கவில்லை.

"ஐயா, அதுக்குத்தான் நல்லாயிருச்சுங்களே?"

"அவசரப்படாதை பிள்ளை. இப்பத்தான் முட்டை போடத் தொடங்கியிருக்கு. இந்த நேரத்தில துண்டு வெட்டலாமோ?"

முட்டையெல்லாம் வார்டில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் போனது. கோழி என்னுடையது, முட்டை ஆஸ்பத்திரியுடையது.

தோட்டத்தை நடத்தும் துரைக்கு இது பெரிய தலையிடி. கொழுந்து நிறைய வரும் காலத்தில் மலையில் ஆள் குறையும், எங்கள் ஆறு கட்டிலும் நிறைந்திருக்கும். ஒருநாள் அவரே வந்து நின்றார். கால் நோவென்று படுத்திருந்தவளின் கட்டைப் பார்த்தார்.

"நேத்து நான் பாத்தப்போ கட்டு இடது கால்லதானே இருந்துச்சு? இன்னைக்கு எப்படி வலது கால்?"

அது என் பிழையில்லை. காலையில் கட்டு மாற்றும்போது அவள் காலை மாற்றி நீட்டிவிட்டாள். நீட்டிய காலுக்கு நான் கட்டினேன். நான் சுடுதண்ணீர்ப் பானையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐயா மட்டும் கண் இமைக்கவில்லை. குனிந்து அவளுடைய நாடியைப் பிடித்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, "அதுதான் சேர் நான் பயந்தது. நோ இடம் மாறத் தொடங்கியிட்டுது. இன்னும் நாலு நாள் வச்சுப் பாக்கோணும்" என்றார். துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு நான் கேட்டேன்.

"ஏங்க ஐயா, அவளுக்குத்தான் ரெண்டு கால்லயும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்டுமில்லை எண்டு ஆர் சொன்னது? அந்தக் கால் ரெண்டும் பத்து வருசமா மலையில நிக்குது. நாலு நாள் படுக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. பதுளைக்குப் போகிற ரோட்டோரம், லயத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார். அவருடைய வீட்டு அம்மா முன்பே தவறிப்போய்விட்டார். ஒரே மகள் கனடாவில். நாற்பத்தைந்து வயதானாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். இந்த ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் கண்முன்னே வளர்ந்தவள். ஐயா தனியாக இருக்கிறாரே என்று காலையில் போய் வீட்டைக் கூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் போட்டு வைப்பேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

பாப்பா ஒரு தடவை அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போனாள். மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிட்டார்.

"என்னங்க ஐயா, அங்க பிடிக்கலீங்களா?"

"அங்க ஒருத்தருக்கும் ஒரு நோய் வருத்தமும் இல்லை பிள்ளை. அப்பிடி வந்தாலும் எனக்குச் சொல்லீனமில்லை. நான் என்ன செய்யிறது? ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தன். ஜன்னலும் சுகமாத்தான் இருந்தது."

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி வேலை தொடங்கியது.

ஐயா படிக்கிற காலத்தில் கொழும்பில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையொன்றில் விளையாட்டுப் பெட்டி இருந்ததாம். ஆள் உயரப் பெட்டி. மேலே டிவி, கீழே ஒரு பிடி, பக்கத்தில் பொத்தான்கள். மேலேயிருந்து கல் விழும். கீழே ஒரு வள்ளம். கல் படாமல் வள்ளத்தை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை அதில் போட்டுவிட்டு அறைக்கு நடந்தே போவாராம். அந்த மாதிரி ஒன்றைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். எழுபது வயதில்.

ஆஸ்பத்திரியைப் புதுப்பித்தபோது பழைய மருந்தலமாரியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தார். அலமாரியைச் சுமந்தது பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். தோட்டத்து லொறியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்ந்தவர். அவரும் சும்மா இருக்கும் ஆள்தான். ஐயாவோடு ஒட்டிக்கொண்டார். உடைத்துப்போட்ட லொறியின் கியர் குமிழை ஞாபகத்துக்கு வைத்திருந்தார். அதை விளையாட்டுப் பிடிக்குக் கொடுத்தார்.

"கொடுக்கலைங்க ஐயா. இரவல். குமிழ் என்னோடதுதான், அதை மட்டும் மறந்துறாதீங்க."

பொத்தானுக்கு, வாசலில் அமர்த்தும் மணிச் சுவிட்ச் ஆறு. டிவி பழைய பெட்டி டிவி, முதுகு பிதுங்கியது. விளையாட்டு முழுவதும் உள்ளங்கை அளவு பச்சைத் தகடு ஒன்றிலும், அதில் செருகுகிற நகத்தளவு கார்ட் ஒன்றிலும் இருக்கிறதென்றார். நான் நம்பவில்லை. இப்போதும் பாதிதான் நம்புகிறேன்.

தச்சனைக் கூப்பிடலாமே என்றேன்.

"ஒப்பரேசனை வெளியாளிட்டைக் குடுக்கேலாது."

கையுறை போட்டுக்கொண்டுதான் பலகை அறுத்தார். "கத்தரி" என்று கையை நீட்டுவார், நான் வைக்க வேண்டும். "பஞ்சு" என்பார். பலகைக்கு எதற்குப் பஞ்சு என்று நான் கேட்கவில்லை, வைத்தேன். வயர்களுக்குப் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைத்தான் சுற்றினார். அதுவும் ஒழுங்காகச் சுற்றத் தெரியவில்லை. பிடுங்கி நான் சுற்றினேன், கணுக்காலுக்குச் சுற்றுகிற மாதிரி மாறி மாறி. பெட்டியின் பின்கதவைத் திறந்தால் மலையிலிருந்து உருண்டு விழுந்த ஆளைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். தலைமாட்டில் சீட்டும் தொங்கியது. அவரே வாசித்துக் காட்டினார்: பெயர், பெட்டி. வயது, மூன்று கிழமை. நோய், கண் திறக்கவில்லை.

முதன்முதலில் கண் திறந்தபோது படம் பக்கவாட்டில் வந்தது. கல் மேலேயிருந்து விழாமல் இடப்பக்கத்திலிருந்து வந்தது. வள்ளம் சுவரில் ஏறுகிற பல்லி மாதிரி நின்றது. ஐயா நாடி பிடித்தார்.

"கழுத்துப் பிடிப்பு" என்றார். சீட்டிலும் எழுதினார்.

அது சுகமாகும்வரை சும்மா இருக்க முடியுமா? இரண்டு நாள் மூன்று பேரும் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டே விளையாடினோம். இரண்டாம் நாள் சாயங்காலம் டிரைவர் அண்ணனுக்குத் தலை நிமிரவில்லை.

"ஐயா, எனக்கு ரோடெல்லாம் செங்குத்தா தெரியுதுங்க."

"அசையாதை ட்ரைவர். பேஷண்டிட்டை இருந்து தொத்தியிட்டுது."

மூன்று பேருக்கும் கழுத்தில் தைலம் தேய்த்தது நான். என் கழுத்துக்கு நானே தேய்த்துக்கொண்டேன். மறுநாள் டிவியையே பக்கவாட்டில் புரட்டி வைத்தார். படம் நேராகிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று நான் சொன்னேன். மருத்துவத்தில் அவசரம் கூடாது என்றார்.

பாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். ஐயா போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்துத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்கும்.

"அப்பா, விசா எல்லாம் சரி. எப்ப வாறியள்? தனியா அங்க விழுந்து கிழுந்தா ஆர் பாக்கிறது?"

"கையில ஒரு பேஷண்ட் இருக்கு பிள்ளை. அது சுகப்பட்டோடன வாறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குக் கையிலிருந்த துடைப்பம் நின்றுபோனது. அப்படியென்றால் பெட்டி சரியானால் ஐயா போய்விடுவார்.

அதற்குப் பிறகு பெட்டிக்கு நாளுக்கு நாள் வியாதி கூடியது. ஒருநாள் சத்தம் வரவில்லை என்பார், ஒருநாள் பொத்தான் மரத்துப்போய்விட்டது என்பார். ஐயா இப்போது இல்லை, அதனால் சொல்வதில் தவறில்லை. ஒரு காலை நான் வழக்கத்தை விடச் சீக்கிரமாகப் போய்விட்டேன். உள்ளே டுங், டுங் என்று சத்தம். ஜன்னலால் பார்த்தேன். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வள்ளம் இடப்பக்கம் போனால் தானும் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் சாய்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை.

நான் சத்தமில்லாமல் கேட் வரைக்கும் திரும்பிப் போய், அங்கே நின்று பலமாக இருமினேன். பிறகு மெல்ல நடந்து வந்தேன். உள்ளே போனபோது பெட்டிக்கு மேல் கட்டில் விரிப்புப் போர்த்தியிருந்தது. ஐயா பக்கத்தில் சோகமாக உட்கார்ந்திருந்தார்.

"இண்டைக்கும் கண் முழிக்கேல்லை பிள்ளை."

"பாவங்க ஐயா" என்றேன்.

பாப்பா சும்மா இருப்பாளா? அந்த வருஷ லீவுக்கு அவளே வந்து இறங்கினாள். கையில் ஐயாவுக்குப் பிளேன் டிக்கெட். இரண்டு கிழமையில் பயணம். வந்த மறுநாள் காலை நானும் டிரைவர் அண்ணனும் இருக்கும்போது சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வந்தாள். அங்கே அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை.

"எங்க அப்பா உங்கட பேஷண்ட்? நான் பாக்கிறன்."

ஐயாவுக்கு முகம் வெளிறியது. எனக்குப் பயமில்லை. ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலமே, ஐயா குளிக்கப் போன நேரம் பார்த்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, ஒரு சிவப்பு வயரை நான் உருவி எடுத்துவிட்டு, பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டேன். நான் சுற்றிய கட்டு, எப்படி அவிழ்ப்பதென்று எனக்குத் தெரியாதா?

பாப்பா சுவிட்சைப் போட்டாள். இருட்டு. பின்கதவைத் திறந்தாள். போனில் வெளிச்சம் அடித்து உள்ளே தலையை விட்டாள். கொஞ்ச நேரம் அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அப்பா."

"என்ன பிள்ளை?"

"கார்ட் செருகிற இடம் வெறுமையா இருக்கு. கார்ட் எங்க?"

"அங்கதானே இருக்கோணும்."

"உங்கட சட்டைப் பொக்கெட்டில என்ன நீட்டிக்கொண்டு இருக்கு?"

ஐயா தன் பொக்கெட்டைத் தானே முதல்முறை பார்ப்பவர் மாதிரிக் குனிந்து பார்த்தார். பேனாவோடு சேர்த்துத் தாளில் மடித்த சின்னப் பொட்டலம். பாப்பா அதை எடுத்துப் பிரித்துக் கார்டைச் செருகிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். மறுபடியும் இருட்டு. ஐயாவுக்கே ஆச்சரியம்.

"ஏன் வரேல்லை? வரோணுமே!" என்றார்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தான்தான் அதை நோயாக்கியதாக நினைத்திருந்தவருக்கு, தனக்குத் தெரியாத நோய் ஒன்று உள்ளே இருப்பதைத் தாங்க முடியவில்லை. பாப்பா மறுபடி உள்ளே போனாள்.

"இங்க ஒரு வயர் இல்லை. கட்டை வெட்டேல்லை, அழகா அவிழ்த்து எடுத்திருக்கு. இப்பிடி அவிழ்க்கத் தெரிஞ்ச ஆள் இந்தத் தோட்டத்திலயே ஒராள்தான். அக்கா, உங்கட முந்தானை முடிச்சில என்ன?"

"வெத்தலைங்க பாப்பா."

"சிவப்பா இருக்கே?"

எனக்கு வேறு வழியிருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து வைத்தேன். ஆனால் அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? அழகாக அவிழ்த்திருக்கிறது என்றாள்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வயரைப் பொருத்தியதும் டுங் என்று பெட்டி எழும்பியது. வள்ளம் வந்தது. மேலேயிருந்து கல்லும் விழத் தொடங்கியது. போச்சு என்று நினைத்தேன். பாப்பா விளையாடுவதற்காகப் பிடியில் கை வைத்தாள். அங்கே மொட்டைக் கம்பிதான் நின்றது.

அவள் திரும்பவேயில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"ட்ரைவர் மாமா."

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா!" டிரைவர் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். தூக்கிய வேகத்தில் மடியிலிருந்து குமிழ் விழுந்து உருண்டு ஐயாவின் காலடியில் போய் நின்றது. "அது... அது என்னோடதும்மா. இரவல்தான் கொடுத்தேன். வேணும்னா ஐயாவையே கேட்டுப் பாருங்க."

டிவிக்குள் வள்ளத்தின்மேல் கல் விழுந்து விழுந்து வள்ளம் தானாக முடிந்துபோனது.

பாப்பா சுவிட்சை நிறுத்தினாள். கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். வயரைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். குமிழைப் பொறுக்கி அதன் பக்கத்தில் வைத்தாள். மூன்றையும் பார்த்தாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"நான் அங்க நித்திரை இல்லாமல் கிடக்கிறன், அப்பாவை ஆர் பாக்கினமோ எண்டு. இங்க மூண்டு பேரும் மூண்டு பக்கத்தாலயும் கள்ளவேலை பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

"நாங்க பாத்துக்கிறோங்க பாப்பா" என்றேன்.

"பாத்தன் அக்கா, நல்லாத்தான் பாத்தன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மலையில் மூடுபனி. பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐயா இரண்டு விரலால் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

பாப்பா திரும்பி வந்தாள். கைப்பையைத் திறந்து, கார்ட், வயர், குமிழ் மூன்றையும் உள்ளே போட்டுச் சிப்பை இழுத்தாள்.

"சாமான் மூண்டும் பழுது. நான் கொண்டுபோய்த் திருத்தி அடுத்த வருசம் கொண்டு வாறன். அதுமட்டும் பேஷண்டை இப்பிடியே விட்டிட்டு நீங்கள் எப்பிடி வாறது?"

ஐயா பிடித்திருந்த நாடியை விட்டார். "அதுதானே பிள்ளை" என்றார்.

"என் குமிழ்?" என்றார் டிரைவர் அண்ணன். நான் அவருடைய காலை மிதித்தேன்.

சொன்னபடியே அடுத்த வருஷமும் வந்தாள். சாமான்களைக் கொண்டுவரவில்லை. மேசையில் எடுத்து வைத்துவிட்டு மறந்துபோய்விட்டாளாம். அதற்கடுத்த வருஷமும் அதே மறதி. "இந்தச் சின்ன வயசில இப்பிடி ஒரு ஞாபக மறதியோ?" என்று ஐயா அவளைப் பொய்க்கு ஏசுவார். ஏசும்போது அவருக்கு முகமெல்லாம் வெளிச்சமாக இருக்கும்.

இதற்கிடையில் ஐயா பதுளையில் வேறு கார்ட் வாங்கிவிட்டார். நான் வேறு வயர் சுற்றிக் கொடுத்தேன். டிரைவர் அண்ணன் ஒரு கதவுக் கைப்பிடியை அறுத்துப் பொருத்தினார். வருஷம் முழுவதும் வள்ளம் ஓடும். பாப்பா வருவதற்கு முந்தின நாள் மூன்று பேரும் வரிசையாக நின்று கழற்றுவோம். அதிலும் ஐயாவுக்கு முறை வேண்டும். முதலில் கார்ட், பிறகு வயர், கடைசியில் பிடி.

நாலாவது வருஷம் பாப்பா சொன்ன நாளுக்கு ஒருநாள் முந்தி வந்துவிட்டாள். வேன் சத்தம் கேட்கும்போது ஐயாவின் வள்ளம் நடு ஆற்றில் நின்றது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். டிரைவர் அண்ணன் கைப்பிடியைப் பிடுங்கி மடியில் செருகினார். ஐயா விரிப்பை இழுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்துக் கதிரையில் விழுந்து, சோகமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிய பெட்டி. முதுகில் தோசை சுடலாம்.

பாப்பா உள்ளே வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு நேரே போய் விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை அவள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு விலகிக் கிடந்த விரிப்பின் ஓரத்தை இழுத்து, ஒழுங்காகச் செருகிவிட்டாள்.

"நல்ல காய்ச்சல் அப்பா" என்றாள். "இந்த வருசமும் துண்டு வெட்டேலாது."